ஒரே கம்ப்யூட்டர், இரண்டு பிரவுசர்

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வின்சென்ட் சாப்பிடப் போய்விட்டான். போகும்போது என் தோளைத் தட்டி, "எல்லாம் ரெடி அண்ணாச்சி, புது பிரவுசர் போட்டாச்சு, உங்க மெயில் ஐடியும் குடுத்தாச்சு, சும்மா தட்டிப் பாத்துக்கிட்டு இருங்க, ஒரு வாய் சாப்ட்டுட்டு ஓடி வந்துருதேன்" என்றான். சும்மா தட்டிப் பார்க்க வேண்டுமாம். நானும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஹெட்செட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பக்கம் திறந்துகொண்டிருக்கிறதா, திறந்து முடித்து நான் ஏதாவது செய்வேன் என்று காத்திருக்கிறதா, இல்லை அப்படியே நின்றுபோய்விட்டதா, ஒன்றும் விளங்கவில்லை. கண் தெரிகிறவர்களுக்கு இந்நேரம் ஏதோ ஒரு வட்டம் சுற்றுமாம், அதைப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விடலாமாம். எனக்கு வட்டம் கிடையாது. திரையில் இருப்பதைக் காதில் படித்துச் சொல்லும் குரல் ஒன்றுதான் எனக்கு, அது வாயை மூடிக்கொண்டால் எனக்குக் கம்ப்யூட்டரே இல்லை. பழைய பிரவுசரின் மௌனங்கள் எனக்கு அத்துப்படி. இது யோசிக்கிற மௌனம், இது லைன் போய்விட்ட மௌனம், இது பக்கத்தைச் செய்தவன் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டுப்போன மௌனம் என்று பிரித்துச் சொல்லிவிடுவேன். புதியவனின் மௌனம் பிடிபடவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து எங்கள் பிரிவு அதிகாரி தங்கலெட்சுமி மேடம் வந்து நிற்பதற்குள் பிடிபட்டாக வேண்டும். காலையிலேயே சொல்லிவிட்டார்கள், நான் வாசித்துப் பிரித்து அனுப்புகிற பொதுமக்களின் மனுக்கள் வருகிற பக்கம் இனிமேல் இந்தப் பிரவுசரில் மட்டும்தான் திறக்குமாம். "ஒத்துவந்தாச் சொல்லுங்க ஞானசிகாமணி, இல்லேன்னா கஷ்டப்படாதீங்க, பக்கத்துல ஒரு ஆளைப் போட்டு வாசிச்சுக் காட்டச் சொல்லிருதேன்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். என்னிடம் அன்பாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்கு எப்போதும் பயம்.

ஆளைப் போட்டு வாசிக்கச் சொல்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முதலில் மனுவை முழுதாக வாசிப்பார்கள். பிறகு, "இது ஒண்ணுமில்ல சார், ரோட்டு விஷயம்" என்று சுருக்குவார்கள். அப்புறம் சுருக்கவும் மாட்டார்கள், அவர்களே அனுப்பிவிடுவார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறிக் காற்று வாங்கலாம். அதற்குள் இதைப் பழகிவிட வேண்டும். குரல் வந்துவிட்டது. வந்ததும் தலைகால் புரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்கிறது, மேலே உள்ள பெயர்ப்பலகை, தேதி, கீழே இருக்கும் ஏதோ எச்சரிக்கை. நான் வைத்திருக்கும் வேகத்துக்கு வேறு யாராவது கேட்டால் வெறும் வண்டுச் சத்தமாகத்தான் இருக்கும். தலைப்பு தலைப்பாகத் தாவுகிறேன். தாவுகிறது. பழையதில் தாவும்போது ஒரு கணம் நின்று மூச்சு வாங்கும், இது வாங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், இதற்கா இவ்வளவு அலட்டல் என்று வின்சென்ட் சிரிப்பான். காலையில் சிரிக்கவும் செய்தான், "பிரவுசர்ல என்ன அண்ணாச்சி இருக்கு, எல்லாம் ஒரே இழவுதான்" என்றான். எல்லாம் ஒன்றில்லை. மனிதர்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுக்கிற லட்சணத்தைப் பார்த்தால் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே தெரிந்துவிடும். வின்சென்ட்டுக்கு வேகம். தங்கலெட்சுமி மேடத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது அதில் என்ன இருந்ததோ அது, வந்து வாய்த்ததை மாற்றுகிற பழக்கம் அவர்கள் வம்சத்திலேயே இருக்காது. என் மனைவி சுகந்திக்குப் போனில் எது இருக்கிறதோ அதுவே கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும், இரண்டு இடத்தில் இரண்டு மாதிரிப் புழங்க அவளால் ஆகாது. என் மகள் பெர்சிஸுக்குப் பிரவுசரின் படம் பிடித்திருந்தது. எனக்கு எல்லாம் பழகிப்போயிருக்க வேண்டும், எதுவும் இடம் மாறியிருக்கக் கூடாது. வீட்டில் நாற்காலியை நகர்த்திப் போட்டால் நான் கத்துகிற கத்து அவர்களுக்குத் தெரியும்.

நான் கண்ணால் பார்த்த ஒரே பிரவுசர் அந்த நீல 'இ' எழுத்துப் போட்டது, பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புக்குள். அன்றைக்குப் பி.ஏ. ரிசல்ட். அப்போதே எனக்குப் பார்வை சுருங்கிவிட்டிருந்தது, செய்தித்தாளைச் சுருட்டி அதன் வழியே பார்த்தால் எப்படியோ அப்படி. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, தலையை ஆட்டி ஆட்டி என் நம்பரைத் தேடினேன். பின்னால் வரிசையில் நின்றவன், "என்னடே மோந்து பாக்கியா?" என்று கேட்டான். நம்பர் இருந்தது. தேறிவிட்டேன். ஒரு திரையில் கடைசியாகக் கண்ணால் வாசித்தது அதுதான் என்று அன்றைக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வாசித்திருப்பேன், பக்கத்து நம்பர்களை, கீழே இருந்த விளம்பரத்தை, எதையாவது. ஆனால் கண் போனது அன்றைக்கு இல்லை, அதற்கு வெகு முன்னாலேயே அது போக ஆரம்பித்துவிட்டது. ஆறாம் வகுப்பில் சாயங்காலம் கிரிக்கெட் ஆடும்போது பந்து காணாமல் போகும். பையன்கள் எல்லோருக்கும் தெரிகிற பந்து எனக்கு மட்டும் வானத்திலேயே கரைந்துவிடும். நான் அதை ஒரு விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். எங்கம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், பராக்குப் பார்க்கிறான் என்றாள். ஆறாம் வகுப்பு. பெர்சிஸும் இப்போது ஆறாம் வகுப்பு. வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம், மேடம் வருவதற்குள் இந்தப் பக்கத்தைப் பழக வேண்டும்.

பட்டன். இணைப்பு. பட்டன். பெயரில்லாத பட்டன். வீட்டில் எங்களுக்கு ஒரே கம்ப்யூட்டர், ஆனால் இரண்டு பிரவுசர். நரிப் படம் போட்டது என்னுடையது. மற்றது சுகந்தியுடையது. அவள் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறாள், ஜாக்கெட் தைக்கிறாள், அவளுடையதில் ஜாக்கெட் டிசைனும் பாட்டு வரிகளும் சமையலும் இருக்கும். நான் திறந்ததில்லை. அவள் பீரோவில் அவளுடைய தட்டை நான் திறப்பதில்லை, அந்த மாதிரி. என்னுடையதை அவளும் தொடமாட்டாள், தொட்டால் குரல் கத்த ஆரம்பித்துவிடும் என்று பயம். பெர்சிஸ்தான் இரண்டிலும் புகுந்து புறப்படுவாள். அவள்தான் எனக்குப் படத்தைச் சொன்னவள், முதல் வகுப்புப் படிக்கும்போது, மடியில் உட்கார்ந்துகொண்டு. "அப்பா, ஒரு நரி வாலைச் சுருட்டிக்கிட்டு உருண்டையைக் கட்டிப் பிடிச்சிருக்கு, ஆரஞ்சுக் கலர்." ஆரஞ்சு எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன், குற்றாலத்தில் ஒரு சீசனில் விற்ற பலூன். எனக்காகத் தினமும் அவள்தான் நரியைத் திறந்துவைப்பாள், குரல் இருக்கும்போது எனக்கு அந்த உதவி தேவையே இல்லை, ஆனாலும் வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. உதவியை நான் வேண்டாம் என்று சொல்லாத ஒரே ஆள் அவள்தான். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு சாயங்காலம், "அப்பா, அம்பைக் காணும்" என்றாள். மவுஸ் அம்பு. "எங்க போச்சுன்னே தெரியல, இப்ப இங்கதான் இருந்துச்சு." மவுஸை அவள் மேசை முழுக்கத் தேய்க்கிற சத்தம் கேட்டது. "ஓரத்துக்குப் போயிருக்கும் மக்கா" என்றேன். "ஓரமே தெரியல" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்தபிறகுதான் ஞாபகம் வந்தது. கிரிக்கெட் பந்து அப்படித்தான் காணாமல் போகும், ஓரத்தில் இருந்துதான் தொடங்கும்.

அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். என் கண்ணைப் பறித்த நோயின் நீளமான இங்கிலீஷ் பெயரை எழுத்துக்கூட்டி அடித்து, அப்பாவுக்கு இருந்தால் மகளுக்கு எத்தனை பங்கு, எந்த வயதில், நிறுத்த முடியுமா, மருந்து வந்துவிட்டதா, என்று. நரியில்தான், அதுவும் மூடியதும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத தனி ஜன்னலில். அந்த ஜன்னல் திறக்கும்போது குரல் ஒவ்வொரு தடவையும் "தனிப்பட்ட உலாவல்" என்று ஏதோ பெரிய மரியாதையோடு அறிவிக்கும். ஹெட்செட்டைப் போட்டுக்கொள்வேன், அப்புறம் மானிட்டரை அணைத்துவிடுவேன். மானிட்டர் எரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது. இங்கே ஆபீஸிலும் என் மானிட்டர் எப்போதும் அணைந்துதான் கிடக்கும், புதிதாக வருகிறவர்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் சுகந்தி ஒருநாள், "எதுக்கு அதை அணைக்கீங்க?" என்று கேட்டாள், "கரண்ட் மிச்சம்" என்றேன். நம்பும்படியாகத்தான் இருந்தது, இந்த வருஷம் கரண்ட் பில் வேறு எகிறிக்கொண்டே போகிறது, ஏன் என்று கேட்டால் இஸ்திரிப் பெட்டி என்கிறாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ்ஸைவிட்டு இறங்குகிறேன், வாசலில் அவள் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டதும் நேராகக் கைகால் கழுவப் போய்விடுகிறேன். பெண் பார்க்கப் போனபோது அவளுடைய பெரியப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார், "தப்பா நினைக்காதீங்க தம்பி, பிள்ளையளுக்கும் வந்துருமோ?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன், எங்க அம்மாவும் அப்பாவும் மாமன் மகள் அத்தை மகன், சொந்தத்துக்குள்ள கட்டினதால வந்தது, அசலில் கட்டினால் பயப்பட வேண்டியதில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், அதனால்தான் அசலில் பார்க்கிறோம் என்று. டாக்டர் சொன்னார்தான். நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை. உள்ளே அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, அது நின்றது. என் பேச்சை நம்பித்தான் சுகந்தி கழுத்தை நீட்டினாள்.

யாரோ டப்பாவைத் திறக்கிறார்கள், புளிக்குழம்பு. தங்கலெட்சுமி மேடத்தின் மேசையில் மோர் மிளகாய் வாடை. அவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாருடைய சம்பந்தி என்ன பேசினாள் என்று நடக்கிறது கச்சேரி. "ஞானசிகாமணி, கொஞ்சம் மிளகாய் வைக்கட்டுமா?" என்கிறார்கள். "வேண்டாம் மேடம், சாப்ட்டாச்சு." இன்னும் சாப்பிடவில்லை. சுகந்தி கட்டிக்கொடுத்த டப்பா காலடியில் இருக்கிறது. பெர்சிஸுக்கு அந்த நோய் இல்லாமலும் இருக்கலாம், கிட்டப்பார்வையாக இருக்கலாம், ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்துபோகலாம், சத்துக் குறைவாக இருக்கலாம், அவள் முட்டை சாப்பிடமாட்டேன் என்கிறாள், கேரட்டை ஒதுக்கி வைக்கிறாள். நான் வாசித்த பக்கங்களில் எல்லாம் இப்படி ஆயிரம் 'இருக்கலாம்' போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் தெரியும் என்று கடைசியில் எல்லாப் பக்கமும் கையை விரித்துவிடும். போனால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் போகவில்லை. அம்பு ஓரத்துக்குப் போயிருக்கும் மக்கா. ஓரமே தெரியல. அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடியில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பிரார்த்தனை செய்யலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஏதாவது லேசாகச் செய்வோம். வருகிற ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் பெர்சிஸ் விடுகதை சொல்ல வேண்டுமாம், யாருக்கும் தெரியாத விடுகதையாக நாலு எடுத்துத் தாங்கப்பா என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தப் புதியவனுக்குத் தமிழ் எப்படி வருகிறது என்று பார்த்த மாதிரியும் இருக்கும். மேலே முகவரி எழுதுகிற பெட்டிக்குப் போனேன். குழந்தைகளுக்கான விடுகதைகள் என்று அடிக்க நினைத்து, 'குழந்தை' என்பது வரைக்கும் அடித்தேன். குரல் எதையோ சொன்னது.

சரியாகக் கேட்கவில்லை, என் வேகம் அப்படி. கீழ் அம்புக்குறியைத் தட்டினேன், இன்னொன்று சொன்னது. மறுபடி மேலே போனேன். 'குழந்தை இருட்டில் தடுக்கி விழுவது ஏன்.' கீழே. 'குழந்தைக்கு மாலைக்கண் இருந்தால் என்ன செய்ய வேண்டும்.' கையை எடுத்துவிட்டேன். நான் தேடினதுதான், என்னுடைய ரகசியம்தான் எப்படியோ ஆபீஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துவிட்டது, வின்சென்ட் பார்த்திருப்பான், மேடத்துக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு அன்பு, அதனால்தான் மோர் மிளகாய். பிறகுதான் உறைத்தது, நான் ஒருநாளும் தமிழில் தேடியதில்லை. அந்த நீளப் பெயரைத்தான் இங்கிலீஷில் அடிப்பேன். இந்தப் பிரவுசரை நான் தொட்டதே இன்றைக்குத்தான். அப்படியென்றால் இது ஊரில் யார் யாரோ கேட்கிற கேள்வி, கம்ப்யூட்டர் தானாக யூகித்து எடுத்து நீட்டுகிறது. அப்படித்தான் இருக்கும். எத்தனை பேர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் தடுக்கி விழுகின்றன. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இன்னும் ஒருமுறை கீழ் அம்புக்குறியைத் தட்டினேன். 'குழந்தைக்கும் கண் போய்விடும் என்று கண் தெரியாத கணவரிடம் எப்படி சொல்வது.'

குரலின் வேகத்தைக் குறைத்தேன். வருஷக்கணக்கில் நான் அதைக் குறைத்ததில்லை. குறைத்துக்கொண்டே வந்தேன், கடைசியில் அது ஒரு மனிதர் நிதானமாகப் பேசுகிற வேகத்துக்கு வந்து நின்றது. மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தது. கண் தெரியாத கணவரிடம் எப்படி சொல்வது. உங்க மெயில் ஐடியும் குடுத்தாச்சு என்று வின்சென்ட் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரே மெயில் ஐடிதான், கேஸ் புக் பண்ணவும் பள்ளிக்கூடத்துக்கும் என்று சுகந்தி ஆரம்பித்தது. அவளுடையதும் இதே பிரவுசர்தான், அந்த ஐடியில்தான் எப்போதும் திறந்து கிடக்கும், என் நரிக்கு எந்த ஐடியும் கிடையாது. காலையில் வின்சென்ட் கேட்டான், நான் பாஸ்வேர்டைக் காதோடு சொன்னேன், பெர்சிஸ் பெயரும் அவள் பிறந்த வருஷமும். அதோடு சுகந்தியின் பிரவுசர் அவள் தேடினதையெல்லாம் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டது. பழசையெல்லாம் காட்டுகிற பக்கத்தைத் திறக்க எல்லாப் பிரவுசரிலும் ஒரே விசைதான். விரல் அதன் மேல் போய் நின்றது. பீரோவின் தட்டு. அடுத்தவர் தட்டு. நான் திறந்திருக்கக் கூடாதுதான். திறந்தேன். மெதுவாகப் படித்தது. ஜாக்கெட் பின்கழுத்து டிசைன். ஆலங்குளம் பஸ் நேரம். மாலைக்கண் பரம்பரையாக வருமா. முட்டை இல்லாத கேக். கண் ஆஸ்பத்திரி பிள்ளைகள் பிரிவு போன் நம்பர். பஃப் கை வெட்டுவது எப்படி. கண்ணுக்கு நல்ல கீரை. நடுநடுவே, துணிக்குள் குத்திவைத்த ஊசி மாதிரி, ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. பின்னால் போகப் போக நின்றுவிடும், நான் தேட ஆரம்பித்த நாட்களோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கோடை விடுமுறையைத் தாண்டிப் போனது. ஈஸ்டரைத் தாண்டிப் போனது. கிறிஸ்துமஸில் போய் நின்றது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேரல் ரவுண்டு. சபையின் பிள்ளைகளெல்லாம் தெருத் தெருவாகப் பாடிக்கொண்டு போனபோது பெர்சிஸ் வாறுகால் சாக்கடையில் விழுந்துவிட்டாள், புதுப் பாவாடை முழுக்கச் சேறு. எல்லோரும் சிரித்தார்கள், நானும் கேட்டுச் சிரித்தேன், "அப்பன மாதிரியே நடக்கா பாரு" என்று போதகர் வீட்டம்மா சொன்னதுக்குக்கூடச் சிரித்தேன். சுகந்தி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதது அன்றைக்கே எனக்குக் கேட்டது, பாவாடை போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன். மௌனங்களைப் பிரித்துச் சொல்வேன் என்று இப்போதுதானே பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பிரவுசரின் மௌனம் தெரிந்து என்ன பிரயோஜனம். அவள் சாப்பாட்டில் தினமும் கீரை வைக்க ஆரம்பித்ததும், "என்ன இது, ஆட்டுக்குப் போடுத மாதிரி" என்று நான் சடைத்துக்கொண்டதும், பெர்சிஸை டியூஷனுக்குத் தனியாக அனுப்பாமல் தானே கூட்டிப்போய்க் கூட்டிவந்ததும், வயசுப் பிள்ளையாகப் போகிறாள் என்பதற்காக என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டதும், எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. நான் ஹெட்செட்டைப் போட்டு மானிட்டரை அணைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் நாலடி தள்ளித் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போனதும் அவள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, மானிட்டரைப் போட்டு, அவளுடைய பிரவுசரைத் திறந்து அதையே தேடியிருக்கிறாள். நாற்காலிச் சூடுகூட ஆறியிருக்காது. என்னிடம் சொல்லப் பயந்து அவளும், அவளிடம் சொல்லப் பயந்து நானும். அவளுடைய பயம் என்னுடையதைவிட மூத்தது. என் பேச்சை நம்பினவள் என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி ஒரு வரிகூட அந்தப் பக்கத்தில் இல்லை. மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்டேன். இல்லை. அழுகை வந்துவிட்டது, வெளிப்படையாகவே வந்துவிட்டது, மோர் மிளகாய் பக்கத்தில் பேச்சு நின்றது.

"என்ன ஞானசிகாமணி, ஒத்துவரலையா?" தங்கலெட்சுமி மேடம் எழுந்து வருகிறார்கள், கை கழுவாமலே வருகிறார்கள். "இதுக்குப் போய்க் கலங்குவாங்களா? நான்தான் சொன்னேன்லா, ஒரு ஆளைப் போட்டுருதேன்னு." முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அணைந்து கிடக்கிற மானிட்டருக்கு முன்னால் ஒருவன் அழுதால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள். "ஒத்துவருது மேடம்" என்றேன். "நல்லா ஒத்துவருது. இதே இருக்கட்டும்." அவர்கள் நம்பவில்லை, கொஞ்சநேரம் நின்றார்கள். "ஆள்லாம் வேண்டாம் மேடம். வீட்டுக்கு ஒரு போன் பேசிக்கிடுதேன்." அவர்கள் செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. போனைக் கையில் எடுத்தபிறகும் ஒரு குறுக்கு வழி தோன்றத்தான் செய்தது. 'எனக்கும் தெரியும் சுகந்தி' என்று இந்தப் பெட்டியிலேயே அடித்துத் தேடினால் போதும், சாயங்காலம் அவள் பிரவுசரில் தானாகப் போய் நிற்கும், வாயைத் திறக்கவே வேண்டாம். விரல் விசைகளுக்குக்கூடப் போய்விட்டது. சீ என்று வந்தது. இத்தனை மாதம் தட்டித் தட்டித்தான் இந்த இடத்தில் வந்து நிற்கிறோம். அவள் நம்பரைக் கூப்பிட்டேன்.

எடுத்தாள். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன இந்நேரத்துல? சாப்ட்டீங்களா?" "சுகந்தி, நாளைக்குப் பெர்சிஸைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோமா?" மிஷின் நின்றது. எதற்கு என்று கேட்பாள் என்று காத்திருந்தேன், அதற்குப் பதிலெல்லாம் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "போவோம்" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு அவளே கேட்டாள். "யாருங்க சொன்னா?" "யாரும் சொல்லல. நீ தேடினதெல்லாம் இங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வந்து நிக்குது, வின்சென்ட் நம்ம ஐடியைப் போட்டுட்டான். நானும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். என்னோடதுல." அவள் அழுகிறாள் என்று தெரிந்தது, வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுகிற சத்தம். "வராதுன்னு நான் சொன்னேனே சுகந்தி" என்றேன். "அதை ஏன் இப்பப் பேசுதீங்க" என்றாள். "அது என்னன்னு பாப்போம். வேற ஏதாவதாக்கூட இருக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "ஏங்க, உங்ககிட்ட இன்னொண்ணு சொல்லணும். கரண்ட் பில்லு இஸ்திரிப் பெட்டியால இல்ல." "பின்ன?" "நாலு மணிக்கே வீட்டுல இருக்குத லைட்டு எல்லாத்தையும் போட்டுருதேன். படிக்கட்டு, புழக்கடை, குளியலறை, ஒண்ணு விடாம. பிள்ளை எங்கயும் தடுக்கி விழுந்துரக் கூடாதுன்னு. நீங்க தூங்கப் போறது வரைக்கும் எரியும். உங்களுக்குத் தெரியாதுலா." எனக்குத் தெரியாது. இத்தனை மாதமாக அந்த வெளிச்சத்துக்குள்தான் நடந்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன், கரண்ட் மிச்சம் என்று சொல்லி மானிட்டரை அணைத்திருக்கிறேன். மேடம் பக்கத்தில் டப்பாக்களை மூடுகிறார்கள், வின்சென்ட்டின் குரல் படியேறி வருகிறது. "இப்ப எரியுதா?" என்று கேட்டேன். "இப்ப பகல்லா, நாலு மணிக்குத்தான் போடணும்" என்றாள். "போடு" என்றேன். "எல்லாத்தையும் போடு. நானும் இனிமே மானிட்டரை அணைக்கல."